ரோஸ் பர்பிக்கு ஒன்பது தட்டு

பீட்ரூட்டில் நிறம் ஏற்றிய ரோஸ் பர்பியில் ஒன்பதாவது தட்டு வெட்டிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. அதில் நாலு துண்டை மட்டும் விற்காமல் எவர்சில்வர் டப்பாவில் போட்டு, மூடிமேல் தேதி எழுதி ஒட்டி வைத்திருந்தேன். இன்று காலையில் திறந்தேன். ஓரம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. பிட்டுப் பார்த்தால் உள்ளே வெட்டிய அன்றைக்கு இருந்த அதே ரோஸ். பூஞ்சை இல்லை. முந்தின எட்டுத் தட்டில் ஒன்றுகூட இந்த நாளைப் பார்த்ததில்லை. சமையற்கட்டில் தொங்கும் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அத்தனையையும் கிறுக்கி வைத்திருந்தேன். அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வீட்டிலேயே தேங்காய் பர்பி போட்டு இரண்டு டீக்கடைக்கும் ஒரு பெட்டிக்கடைக்கும் கொடுக்கிறேன். வெள்ளை ஒரு தட்டு, ரோஸ் ஒரு தட்டு. ரோஸ்தான் முதலில் காலியாகும், குழந்தைகள் கை அதற்குத்தான் போகும். 2024 பிப்ரவரியில் இங்கே பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது. சோதனையில் ரோடமின் பி இருப்பது தெரிந்துவிட்டது. துணிக்கும் காகிதத்துக்கும் போடுகிற சாயம் அது, வாயில் போடுவதற்கானது இல்லை. அதே மாதம் 17ஆம் தேதி தமிழ்நாட்டிலும் தடை போட்டார்கள். அதற்கப்புறம் ரோஸ் நிறத்தில் எதைப் பார்த்தாலும் ஜனங்களுக்குச் சந்தேகம். டீக்கடை அண்ணன் சொல்லியே விட்டார்: "யம்மா, இனிமே வெள்ளையே குடு. ரோசைப் பார்த்தா 'இதுலயும் அதானா'ன்னு கேக்குறாங்க. யாருக்குப் பதில் சொல்றது?"

நான் போட்டது ரோடமின் இல்லை, கடையில் விற்கும் அனுமதிக்கப்பட்ட உணவு நிறம்தான். ஆனால் அதற்கும் ஒரு கிலோ பண்டத்துக்கு 100 மில்லிகிராம்தான் உச்சம். நான் இத்தனை வருஷமாகச் சிட்டிகை கணக்கில் போட்டுக்கொண்டிருந்தேன். நகை எடை போடுகிற சின்னத் தராசு ஒன்று வாங்கி (450 ரூபாய்) ஒரு கிலோ தட்டுக்குப் போடும் என் சிட்டிகையை நிறுத்துப் பார்த்தேன். 0.28 கிராம், அதாவது 280 மில்லிகிராம். டப்பாவில் சாயத்தோடு உப்பும் கலந்திருக்கும், அதனால் அத்தனையும் சாயம் இல்லை. இருந்தாலும் வயிற்றில் என்னவோ போல இருந்தது. அன்றைக்குத்தான் பீட்ரூட் வாங்கிவரச் சொன்னேன்.

முதல் தட்டு ஆடி மாதம். ஒரு கிழங்கைத் துருவிப் பிழிந்து, அந்தச் சாற்றிலேயே சர்க்கரையைக் கரைத்துப் பாகு காய்ச்சினேன். கொதி வரும்வரை பார்க்கக் கண் கூசுகிற சிவப்பு. கம்பிப் பதம் வரும்போது செங்கல் நிறம், தேங்காய் போட்டுக் கிளறி இறக்கும்போது கருப்பட்டி நிறம். மாமியார் எட்டிப் பார்த்து, "வெல்லமாடி போட்ட?" என்றார். சொன்னால் நம்பமாட்டீர்கள், அடியில் ஒட்டிய பாகைத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்திருந்தேன். அதில் எலுமிச்சை மூடி ஒன்றும் கிடந்தது. காலையில் பார்த்தால் அந்தத் தண்ணீரில் கொஞ்சம் சிவப்பு திரும்பி வந்திருந்தது. பீட்ரூட் நிறம் சூட்டில் இரண்டாக உடைகிறது, ஆறிய பிறகு லேசான புளிப்பில் அதில் ஒரு பங்கு மறுபடி ஒட்டிக்கொள்ளும் என்று பிறகு என் அண்ணன் பையன் சொன்னான். அவன் கல்லூரியில் வேதியியல் படிக்கிறான். இந்தக் கதையில் பாதி உபகரணம் அவன் கொண்டுவந்தது.

இரண்டாம் தட்டில் சாற்றைக் கடைசியில் ஊற்றினேன். நிறம் நின்றது, பர்பி நிற்கவில்லை. 60 மில்லி சாறு என்றால் 60 மில்லி தண்ணீர்தானே. கிண்டிய பர்பி மறுபடி குழம்பாகி, ராத்திரி வரை தட்டில் அல்வா மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. வீட்டில் எல்லோரும் கரண்டியால் சாப்பிட்டோம்.

மூன்றாவதில் எலுமிச்சை. புளிப்பில் பீட்ரூட் நிறம் பத்திரமாக இருக்கும் என்று கேள்விப்பட்டு, பாகிலேயே அரை மூடி பிழிந்தேன். இது தொழில் தெரிந்தவள் செய்யக்கூடிய தப்பே இல்லை. ஜாங்கிரிப் பாகு பூத்துப்போகாமல் இருக்க எலுமிச்சை பிழிவதே சர்க்கரை மணி கட்டாமல் இருக்கத்தான். பர்பிக்கு மணி கட்டினால்தான் வில்லை விழும். கை ஓடின ஓட்டத்தில் மறந்துவிட்டேன். அந்தத் தட்டு மூன்று நாள் பிசினாகவே இருந்தது, வெட்டிய கத்தியோடு வந்தது. புளிப்பு வேண்டும், ஆனால் அடுப்பில் இருக்கும்போது வேண்டாம் என்று நோட்டில் இரண்டு கோடு போட்டு எழுதியிருக்கிறேன்.

நடுவில் ஒரு நாள் பெரிய மார்க்கெட்டில் ஊதா முட்டைகோஸ் கண்ணில் பட்டது. ஓட்டல்காரர்கள் வாங்குகிறார்கள் போலிருக்கிறது, ஒன்று 70 ரூபாய். வெந்நீரில் போட்டால் நீலம் கலந்த ஊதா, எலுமிச்சை பட்டதும் அப்படி ஒரு ரோஸ். ஆகா என்று தேங்காய்த் துருவலில் ஊற்றினால், பத்து நிமிஷத்தில் பழைய சிலேட்டு நிறத்துக்குத் திரும்பிவிட்டது. தேங்காயில் அந்த அளவு புளிப்பு இல்லை. நாவல்பழமும் இதே சாதிதான், புளிப்புக்குத் தக்கபடி வேஷம் மாற்றும். பீட்ரூட் அப்படி மாறாது. அதற்குச் சூடும் வெளிச்சமும்தான் ஆகாது. முட்டைகோஸைப் பொரியல் செய்துவிட்டேன்.

ஆக, தண்ணீர் இல்லாத பீட்ரூட் வேண்டும், அதாவது பொடி. வடாம் காயப் போடுகிற வீட்டில் இது என்ன பெரிய விஷயம் என்று ஆவணி வெயிலில் மொட்டை மாடியில் வெள்ளை வேட்டி விரித்து, 2 கிலோவை வில்லை போட்டுப் பரப்பினேன். இரண்டு நாளில் கலகலவென்று காய்ந்தது. நிறம்தான் மாடியிலேயே தங்கிவிட்டது. மேல்பக்கம் பிஸ்கட், துணியைத் தொட்டுக்கொண்டிருந்த அடிப்பக்கம் மட்டும் சிவப்பு. ஒரே வில்லையில் இரண்டு நிறம். அதை அரைத்துப் போட்டது நாலாம் தட்டு. மண்பானை ஓட்டை இடித்துப் போட்ட மாதிரி இருந்தது.

சரி, நிழலில் உலர்த்தலாம் என்று முடிவு செய்த நேரம் ஐப்பசி. எங்கள் ஊரில் ஐப்பசியில் துவைத்த துணியே மூன்று நாள் காயாது. கூடத்தில் மேஜை விசிறி வைத்து, தீப்பெட்டி அடுக்கு மாதிரி நாலு வடாம் தட்டை அடுக்கி இரவும் பகலும் ஓட்டினேன். மூன்றாம் நாள் நடுத்தட்டில் வெள்ளைப் பஞ்சு. பூஞ்சைதான். தேறியதை அரைத்து ஐந்தாம் தட்டு போட்டேன். இரண்டு குறை. ஒன்று, பர்பியில் அங்கங்கே சிவப்புப் புள்ளி, அம்மை போட்டது போல. இன்னொன்று மண்வாடை. மழை விழுந்த புழுதி மாதிரி ஒரு நெடி. பீட்ரூட்டுக்கு அந்த வாசனையைத் தருவது ஜியோஸ்மின் என்கிற பொருள். ஏரி மீனில் வருகிற சேற்று நாற்றமும் இதே சரக்கு. இது தெரிந்ததும் எனக்குப் பாதி வழி திறந்த மாதிரி ஆயிற்று. ஏரிக் கெண்டையை நாம் எப்படிக் கழுவுவோம்? புளித்தண்ணீரில். புளிப்பு அந்த வாடையை உடைத்துவிடும். நிறத்துக்கும் புளிப்பு நல்லது, வாடைக்கும் புளிப்பு நல்லது. தோலில்தான் வாடை அதிகம் என்பதால் தோலையும் மெல்லிசாகச் சீவாமல் இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு எடுக்க ஆரம்பித்தேன். கொஞ்சம் நஷ்டம்தான்.

கார்த்திகையில் மனசைத் திடப்படுத்திக்கொண்டு 4,200 ரூபாய்க்கு ஐந்து தட்டு உள்ள ஒரு மின் உலர்த்தி வாங்கினேன், 250 வாட். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இரண்டு நாள் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. இப்போது நான் செய்யும் முறை இது. 3 கிலோ பீட்ரூட், தோல் சீவித் தலையும் வாலும் போக 2.5 கிலோ நிற்கும். 2 மில்லிமீட்டர் வில்லை. இட்லிப் பானையில் தட்டு வைத்து 5 நிமிஷம் ஆவி காட்ட வேண்டும், தண்ணீரில் போட்டு வேகவைத்தால் சாயம் அதோடு போய்விடும். ஆவி எதற்கு என்றால், பச்சையாகவே காயப்போட்டால் வெட்டின கத்தரிக்காய் கறுப்பது போல இதுவும் உள்ளுக்குள் கறுத்துக்கொண்டே இருக்கும். ஆவி பட்டால் அந்த வேலை நின்றுவிடும். ஆறினதும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்து அதில் ஒரு முக்கு, உடனே எடுத்து வடிகட்டி. பிறகு உலர்த்தியில் 55 டிகிரியில் 10 மணி நேரம். நடுவில் ஒரு முறை தட்டுகளை மேலும் கீழும் மாற்றவேண்டும், இல்லாவிட்டால் மேல் தட்டு நமத்தே கிடக்கும். முதல் தடவை 70 டிகிரியில் வைத்துச் சீக்கிரம் முடிக்கப் பார்த்தேன், ஓரமெல்லாம் பழுப்பு.

காய்ந்த வில்லையைச் சூடு ஆறும் முன்னே மிக்ஸியில் போட்டுவிட வேண்டும். கால் மணி நேரம் வெளியில் கிடந்தால் இந்தக் கடற்காற்றில் அப்பளம் போல நமத்துவிடும். அரைத்ததைச் சல்லடையில் சலித்தால் போதாது, புள்ளி வரும். என் தாத்தா லேகியத்துக்குச் சரக்கு இடித்தால் வஸ்திரகாயம் செய்வார். சொம்பின் வாயில் மெல்லிய துணியைக் கட்டி, மேலே பொடியைக் கொட்டித் தேய்த்துத் தேய்த்து இறக்குவது. பழைய மல்லு வேட்டியில் அதையே செய்தேன். இறங்கிய பொடி விரலில் பட்டால் கண்மை மாதிரி அப்பிக்கொள்கிறது. 2.5 கிலோவுக்கு 290 கிராம் கிடைத்தது. பீட்ரூட் 150 ரூபாய், மின்சாரம் இரண்டரை யூனிட், எலுமிச்சை உப்பு ஒன்றிரண்டு ரூபாய். என் கூலியை யாரும் கணக்கில் எழுதுவதில்லை, நானும் எழுதவில்லை. கிராம் 60 பைசா என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பொடியை வைத்துப் போட்ட ஆறாம் தட்டில் நிறம் வந்தது. ஆனால் அடுப்பில் இருக்கும்போதே போட்டதால் பாதி போய்விட்டது, 12 கிராம் போட்டும் வெளிர் ரோஸ்தான். பொடி அதிகமானதால் கிழங்கு ருசி தூக்கலாக வந்தது. அதோடு இன்னொரு கேள்வியும் வந்தது. ஐந்தாம் தட்டும் ஆறாம் தட்டும் டப்பாவில் ஐந்தாம் நாளே பூத்துவிட்டன. கடை நிறம் போட்ட காலத்தில் ஒரு வாரம் தாங்கும். பீட்ரூட்தான் பூஞ்சையைக் கூட்டிவருகிறதோ என்று நினைத்தேன்.

இங்கேதான் மாதுளந்தோலுக்குள் போனேன், இரண்டு மாதம் போனதும் அங்கேதான். மாதுளந்தோல் கஷாயம் வயிற்றுப்போக்குக்கு எங்கள் வீட்டில் எப்போதும் உண்டு. தோலில் இருக்கிற துவர்ப்புச் சத்துகள் கிருமியையும் பூஞ்சையையும் தடுக்கும் என்பதற்கு ஆய்வுகள் ஏராளம் என்று அண்ணன் பையன் சொன்னான். பர்பியில் கொஞ்சம் சேர்த்தால் என்ன? பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜூஸ் கடையில் போய்க் கேட்டேன். கடைக்காரத் தம்பி என்னை ஒரு மாதிரி பார்த்தான். "தோலையாக்கா கேக்குறீங்க? மாட்டுக்கா?" ஒரு கேரி பேக் நிறையக் கொடுத்தான், 1.4 கிலோ, காசு வாங்கவில்லை. மாதுளைக்கு மருந்து நிறைய அடிப்பார்கள் என்பதால் சோடா உப்புத் தண்ணீரில் ஊறவைத்து மூன்று முறை அலசினேன். அது முழுசாகப் போய்விடும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. இனிமேல் தின்னும் பண்டத்துக்கு என்றால் ஜூஸ் கடைத் தோலை எடுக்கமாட்டேன், தெரிந்த தோட்டத்துப் பழம் என்றால்தான்.

காய்ந்து 430 கிராம் ஆனது. நொறுக்கி, 100 கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் விட்டுக் கொதிக்கவிடாமல் ஒரு மணி நேரம். அன்றைக்குக் கையில் கிடைத்த பாத்திரம் இரும்பு வாணலி. மஞ்சள் கஷாயம் வரும் என்று பார்த்தால் கால் மணியில் கறுப்பு. தொட்டால் விரலில் மை. அதுவேதான், மையேதான். கடுக்காயோடு இரும்பைச் சேர்த்து அந்தக் காலத்தில் எழுதும் மை காய்ச்சியிருக்கிறார்கள், துவர்ப்பும் இரும்பும் கூடினால் வருகிற கறுப்பு அது. மூன்று நாள் நகக்கண் கறுத்தே இருந்தது. டீக்கடையில் "என்னம்மா, சைக்கிள் கடை வச்சிட்டியா?" என்றார் அண்ணன். பிறகு எவர்சில்வர் குண்டானில் 65 டிகிரியில் வைத்தேன். துணியில் வடித்து, தட்டில் ஊற்றி உலர்த்தியில் வற்றவிட்டால் கண்ணாடிச் சில்லு மாதிரி பழுப்புத் தகடு பெயர்ந்து வந்தது. 100 கிராம் தோலுக்கு 31 கிராம்.

தண்ணீரைவிடச் சாராயம் கலந்த தண்ணீரில் இது நன்றாக இறங்குமாம். புதுச்சேரியில் அதற்கு மட்டும் யாரும் அலைய வேண்டியதில்லை. கொழுந்தனாரின் வோட்கா குவார்ட்டர் ஒன்றை, 180 மில்லி, 42.8 சதவீதம் என்று சீசாவிலேயே போட்டிருக்கிறது, அவரிடம் சொல்லாமலே எடுத்து 20 கிராம் மாதுளந்தோல் பொடியை இரண்டு நாள் ஊறவைத்தேன். நிறம் அடர்த்தியாகத்தான் வந்தது. ஆனால் அதை வற்றவைக்க அடுப்பு மேடைக்கே எடுத்துப் போய்விட்டேன். பக்கத்து பர்னர் எரிந்துகொண்டிருந்தது. அண்ணன் பையன் "அத்தை!" என்று போட்ட சத்தத்தில் கை நடுங்கிப் பாதி கொட்டிவிட்டது. சாராய ஆவிக்கு ஒரு பொறி போதும். மீதியை மாடியில் காற்றில் வைத்து வற்றவிட்டேன், அதோடு அந்த வழியை மூடினேன். பிள்ளைகள் தின்கிற பண்டம், தண்ணீரில் இறங்குவது போதும். கொழுந்தனார் இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

வேலை செய்கிறதா என்று பார்க்க ஜாம் பாட்டில் மூன்றைக் கொதிநீரில் போட்டு எடுத்து, ஒவ்வொன்றிலும் 20 கிராம் தேங்காய்த் துருவல். ஒன்றில் எதுவும் இல்லை, ஒன்றில் தோலிலிருந்து எடுத்த அந்தப் பழுப்புத் தகடு 0.1 கிராம், இன்னொன்றில் 0.2 கிராம். மூடி, அடுப்படியிலேயே வைத்தேன். ஒன்றும் போடாதது மறுநாள் காலையிலேயே கொழகொழவென்று புளித்த நெடி. 0.1 போட்டது மதியம் வரை தாக்குப்பிடித்தது. 0.2 போட்டது அன்று ராத்திரி வரை நாறவில்லை. அதாவது ஒரு சதவீதம் போட்டால் பகல் ஒன்று லாபம். இது மூக்கால் பார்த்த கணக்கு, பாட்டிலுக்குள் எந்தக் கிருமி இருந்தது என்று மூக்குக்குத் தெரியாது. ஒரே ஒரு தடவை செய்ததும்கூட. ஆனாலும் மூன்று மூடியையும் திறந்து வரிசையாக முகர்ந்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமை ஏழாம் தட்டில் இறங்கியது. ஒரு கிலோவுக்கு 10 கிராம் போட்டேன். ரோஸ் போய்க் காவி வந்தது. வாயில் வைத்தால் முதலில் இனிப்பு, அடுத்த நொடி வாழைப்பூவைப் பச்சையாக மென்ற மாதிரி நாக்கு இழுத்துக்கொண்டது. பெட்டிக்கடைக்குக் கொடுத்த பத்துத் துண்டில் எட்டு திரும்பி வந்தது. துவர்ப்பு தெரியாத அளவுக்குக் குறைத்தால் பூஞ்சைக்கும் அது தெரியப்போவதில்லை.

பூஞ்சைக்குக் காரணம் கடைசியில் மாமியார் கண்ணில்தான் பட்டது. தட்டிலிருந்து எடுத்த பர்பியை நான் கைபொறுக்கும் சூட்டில் டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தேன். "மூடியைத் தூக்கிப் பாருடி" என்றார். மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக வியர்வை. அது சொட்டி மேல் வரிசையில் விழுகிறது, பூஞ்சையும் மேல் வரிசையில்தான் வருகிறது. முன்னெல்லாம் சாயங்காலம் கிண்டி ராத்திரி முழுக்க ஆறவிட்டுக் காலையில் அடுக்குவேன். இந்தச் சோதனைக் கூத்தில் காலையில் கிண்டி மதியமே அடுக்கப் பழகிவிட்டேன். பீட்ரூட்டின் மேல் பழியைப் போட்டு, ஊர்த் தோலையெல்லாம் பொறுக்கி, வீட்டில் தீ வைக்கப் பார்த்து, கடைசியில் விஷயம் மூடியில் இருந்தது. இப்போது எட்டு மணி நேரம் மல்லுத் துணி போட்டு ஆறவிடுகிறேன்.

எட்டாம் தட்டும் ஒன்பதாம் தட்டும் அடுத்தடுத்த நாள். யோசனை ஒன்றுதான். சர்க்கரையில் ஒரு பங்கை எடுத்து வைத்து, பீட்ரூட் பொடியும் எலுமிச்சை உப்பும் சேர்த்து மாவாக அரைத்து, அடுப்பை அணைத்த பிறகு போடுவது. மாவுச் சர்க்கரை விழுந்ததும் பாகு அதைப் பிடித்து மணி கட்டிச் சீக்கிரம் இறுகும். எட்டாவதில் 65 டிகிரிக்கு ஆறும்வரை காத்திருந்தேன். அதற்குள் சட்டியிலேயே இறுகிவிட்டது, கலக்கினால் பொலபொலவென்று புட்டாக உதிர்ந்தது. நிறம் மட்டும் அப்பாடி! அதைத் தேங்காய்ப்பூ மாதிரி டம்ளரில் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்.

ஒன்பதாம் தட்டுக்கு எழுதி வைத்தது: இரண்டு பெரிய தேங்காய், கறுப்பு விழாமல் துருவியது 400 கிராம். சர்க்கரை 500 கிராம், தண்ணீர் 150 மில்லி. மாவாக அரைத்த சர்க்கரை 100 கிராம், அதில் பீட்ரூட் பொடி 6 கிராம், எலுமிச்சை உப்பு அரை கிராம், ஏலக்காய் நாலு. ஏலக்காய் மீதி வாடையை அமுக்கிவிடும். பாத்திரம் எவர்சில்வர். பித்தளை உருளியில் ஈயம் தேய்ந்திருந்தால் செம்பு இறங்கி இந்த நிறத்தைக் கெடுக்கும், எங்கள் உருளி பாட்டி காலத்தது. பாகு ஒற்றைக் கம்பி, 105 டிகிரி. துருவலைப் போட்டு ஓரம் விட்டுச் சுருண்டு வரும்வரை கிளறி, அடுப்பை அணைத்து, சட்டியை இறக்கி ஈரத்துணி மேல் வைத்து ஆறு நிமிஷம் கிண்டிக்கொண்டே இருந்தேன். தெர்மாமீட்டர் 80 காட்டியதும் ரோஸ் மாவைத் தூவி, இருபது முப்பது சுற்று, அவ்வளவுதான், நெய் தடவிய தட்டில் கொட்டிக் கிண்ணத்தின் அடியால் அழுத்தினேன். தூவினவுடன் ஒன்றும் தெரியாது, வெளிறிய ரோஸ்தான். கிண்டக் கிண்ட ஈரம் பட்டுப் பொடி கரைந்து, வெள்ளைத் துருவல் ஒவ்வொன்றாகச் சிவந்துகொண்டே வருவது பார்க்க, மருதாணி பிடிப்பதைப் பார்ப்பது போல இருந்தது. 36 துண்டு. புளிப்பை அளக்கும் பிஹெச் தாளில் தொட்டுப் பார்த்தோம், ஐந்துக்குக் கொஞ்சம் கீழே, அதாவது லேசான புளிப்பு. நிறத்துக்கு மட்டும் கிலோவுக்கு மூன்றரை நாலு ரூபாய் கூடுதல் செலவு. ஒரு துண்டுக்குப் பத்துப் பைசா.

பொடியை வைக்கும் இடத்தைப் பற்றி ஒன்று. ஒரே நாளில் அரைத்ததை இரண்டு கண்ணாடிச் சீசாவில் போட்டு, ஒன்றை ஜன்னல் மாடத்தில் வைத்தேன், இன்னொன்றை அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். மூன்று வாரத்தில் மாடத்துச் சீசா சுக்குப் பொடி மாதிரி ஆகிவிட்டது. அரிசிக்குள் இருந்தது அப்படியே இருக்கிறது. அடுத்த முறை 3 கிலோ ஒரேயடியாகப் போடமாட்டேன். ஒரு கிலோ போதும், மாதா மாதம். உலர்த்தியையும் கொஞ்சம் பொறுத்து வாங்கியிருக்கலாம். பங்குனி, சித்திரையில் உள்ளே இருட்டாகத் துணி கட்டிய கூண்டு ஒன்று போதும் என்று இப்போது தோன்றுகிறது. சித்திரை வந்தால் செய்து பார்த்துவிடுவேன்.

மிச்சமிருந்த மாதுளந்தோலை எறிய மனசு வரவில்லை. கடைகளுக்கு பர்பி கொண்டுபோகக் காடாத் துணியில் ஆறு பை தைத்து வைத்திருந்தேன், மொத்தம் 480 கிராம். சோடா போட்டுக் கொதிக்கவைத்துக் கஞ்சி எடுத்தேன். 70 கிராம் படிகாரம் கரைத்த வெந்நீரில் ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் அந்தத் தோலின் கஷாயத்தில் ஒரு மணி நேரம் வைத்தேன். கடுகெண்ணெய்க்கும் மஞ்சளுக்கும் நடுவில் ஒரு நிறம். மஞ்சள் தூளில் முக்கிய பை நாலு வெயிலில் வெளுத்துவிடும், இது இரண்டு மாதமாகக் கொடியில் தொங்கியும் நிற்கிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஆரம்பித்தார்களே, அந்த மஞ்சப்பைக்கு இது சரியான தோல். ஆறில் ஒரு பையை மட்டும் பழைய இரும்பு வாணலித் தண்ணீரில் முக்கி எடுத்தேன், மேகக் கறுப்பில் வந்தது. கொழுந்தனாரிடம் அதைத்தான் கொடுத்தனுப்பினேன், உள்ளே ஒரு கால் கிலோ ரோஸ் பர்பியோடு.

நேற்று டீக்கடையில் தட்டை வைத்தபோது அண்ணன் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "கலரு முன்ன மாரி பளிச்சுன்னு இல்லியே?" என்றார்.

"அதான் அண்ணே, பீட்ரூட்டு."

வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். "மண்ணு வாட வரும்னு நெனச்சேன்" என்றார். வாரத்துக்கு இரண்டு தட்டு சொல்லியிருக்கிறார். கண்ணாடி அலமாரியின் மேல் தட்டில், டியூப்லைட்டுக்கு நேர் கீழே வைத்தார். அடுத்த தடவை போகும்போது கீழ்த் தட்டுக்கு மாற்றச் சொல்லவேண்டும்.